75% தள்ளுபடி லாபம் இல்லைங்க, செலவு!

ஸ்டீம் சேல்ல 2,000 ரூபா கேமை 500-க்கு வாங்கி, இன்ஸ்டால்கூடப் பண்ணாம வச்சிருக்கீங்களா? 1,500 லாபம் இல்லைங்க, 500 செலவு. திரும்ப விற்கவும் முடியாது. நம்ம கையில இருக்கிறது வெறும் லைசென்ஸ்.

"காசு போட்டாச்சே"ன்னு எல்லாத்தையும் வரிசையா முடிக்கப் பார்க்காதீங்க. அந்தக் காசு போயிடுச்சு. இனி செலவாகப் போறது நேரம். பேரையூர்ல இருந்து தினமும் மதுரைக்கு பஸ் ஏறி வேலைக்குப் போய் வர்றவருக்கு ராத்திரி ஒரு மணி நேரம் மிஞ்சினாலே பெரிசு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கதையை முடிக்க மட்டும் சுமார் 50 மணி நேரம் ஆகும். விலையை மறந்துட்டு, இன்னைக்கு எதுல மனசு போகுதோ அதைத் திறங்க. போரடிச்சா மூடிடுங்க.

புதுசா வாங்கினா அன்னைக்கே விளையாடிப் பாருங்க. 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா விளையாடியிருந்தா ஸ்டீம்ல ரீஃபண்ட் கேட்கலாம். "தீபாவளி லீவுல பார்த்துக்கலாம்"னு வச்சா, அதுவும் போச்சு.