நாடி பிடிக்க எத்தனை ஆண்டு?

புதுக்கோட்டையின் ராஜ வீதிகளில் நடப்பவர்களின் கண்ணில், அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் ஒருவகைப் பெயர்ப் பலகை படாமல் போகாது: 'அக்குபங்சர் - மருந்தில்லா மருத்துவம்'. ஆலங்குடி, அறந்தாங்கி போன்ற ஊர்களிலும் இதைக் காணலாம். பலகைக்குப் பின்னால் இருப்பவர்களை மோசடிக்காரர்கள் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. நான் அறிந்தவர்களில் பணி நிறைவு பெற்ற ஆசிரியர் உண்டு. தையல் தொழிலை விட்டு வந்த பெண்மணி உண்டு. மாத்திரைகளால் சலித்துப்போய், உண்மையான அக்கறையுடன் இதற்குள் வந்தவர்கள். வார இறுதி வகுப்புகளில் சில மாதங்கள் படித்துச் சான்றிதழ் பெறுகிறார்கள். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, பஞ்சபூதங்களில் எது குறைந்துள்ளது என்று சொல்லி, ஒரு புள்ளியில் விரல் வைக்கிறார்கள். பலர் ஊசியைக்கூட எடுப்பதில்லை.

'மருந்தில்லா' என்ற அந்தச் சொல்தான் என்னை நிறுத்துகிறது. சீனர்களின் மரபு மருத்துவத்தில் ஊசி ஒரு கிளை, அடிமரம் மூலிகைதான். லி ஷிசென் தொகுத்து, 1596-இல் அச்சான மருந்துப் பொருள் நூல் 1,892 பொருள்களை விவரிக்கிறது. அவரே 1564-இல் நாடிக்கென்று தனி நூல் எழுதி, 27 வகை நாடிகளைப் பிரித்துக் காட்டினார். நாடியைக் கற்பதும் மூலிகையைக் கற்பதும் அங்கே ஒரே படிப்பு. நம்மிடம் வந்து சேர்ந்ததோ வேறு. 1938-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனாவுக்கு உதவச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் சோலாப்பூர் மருத்துவர் கோட்னிஸ் இருந்தார். அங்கேயே 1942-இல் மறைந்தார். அதே குழுவின் மருத்துவர் பி.கே.பாசு பிற்பாடு மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் பயின்று, 1959-இல் கொல்கத்தாவில் அதைத் தொடங்கி வைத்தார். ஊசி வந்தது, மூலிகை வரவில்லை. இங்கே வந்த பிறகு பல இடங்களில் ஊசியும் போய், விரல் மட்டும் எஞ்சியது.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். சீன மருத்துவத்தில் நோயறிதல் நான்கு வழிகளில் நடக்கிறது: பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவுதல், தொட்டறிதல். நாடி இந்த நான்காவதன் ஒரு பகுதிதான். நான்கையும் சேர்த்து, நோயின் பெயரைக் காட்டிலும் நோயாளியின் நிலையைத் தீர்மானிப்பதே அடிப்படை. இரண்டு பேருக்குச் சளிக்காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் குளிர் நடுக்கம், வியர்வை இல்லை, நாக்கில் மெல்லிய வெண்படிவு, மேலாகவே தட்டுப்படும் இறுகிய நாடி. இது குளிர்ச்சியால் வந்தது என்று கொண்டு எபெட்ரா தண்டு, இலவங்கக் கிளை, ஆப்ரிகாட் பருப்பு, அதிமதுரம் சேர்ந்த குடிநீர் தருவார்கள். மற்றவருக்குத் தொண்டை வலி, தாகம், நாக்கின் விளிம்பு சிவப்பு, விரைவு நாடி. அவருக்கு வெப்பம் தணிக்கும் பூவும் காயும் சேர்ந்த வேறு மருந்து. முதலாமவரின் குடிநீரை இரண்டாமவருக்குக் கொடுத்தால் கேடு என்பது அவர்கள் பாடம். எபெட்ரா இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதை நவீன மருந்தியலும் சொல்கிறது.

சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நாடி, தொடு உணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்ற எண்வகைத் தேர்வு நம்முடையது. மூன்று விரல்களுக்கடியில் வளி, அழல், ஐயம் மூன்றையும் ஒன்று, அரை, கால் என்ற அளவில் தேடுவது. சிறுநீரில் விட்ட எண்ணெய்த் துளி பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக விரிகிறதா, முத்தாக நிற்கிறதா என்று நோக்குவது. ஒருவரின் உடல்நிலைக்கேற்ப மருந்து என்பதே இங்கும் விதி. (பெருந்தொற்றின்போது கபசுரக் குடிநீரை எல்லோருக்கும் ஒரே அளவில் தெருவில் நின்று ஊற்றிக் கொடுத்தோமே, அது எந்த விதி என்று கேட்க அன்று எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.)

இந்த நோயறிதல் முறைகள் அறிவியல் சோதனையில் எந்த அளவு நிற்கும் என்பது நியாயமான கேள்வி. ஒரே நோயாளியின் நாடியைத் தனித்தனியே பார்க்கும் வைத்தியர்கள் ஒத்த முடிவுக்கு வருகிறார்களா என்று ஆராய்ந்தவர்கள், ஒற்றுமை பல நேரங்களில் குறைவாகவே இருப்பதைக் கண்டுள்ளனர். ஆக, கற்பதற்கு அரிய ஒரு கலையில், பல்லாண்டு பயிற்சிக்குப் பிறகும் பிழைக்கு இடமுண்டு. சில மாதப் பயிற்சி எந்த மூலைக்கு?

சீனா இதை எப்படி அணுகியது என்பது கவனிக்கத்தக்கது. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய் உள்ளிட்ட நான்கு நகரங்களில் மரபு மருத்துவக் கல்லூரிகளைத் தொடங்கியது. இன்று அங்கே ஐந்தாண்டுப் பட்டப்படிப்பு. நம் சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் பயிற்சிக் காலம் சேர்த்து ஐந்தரை ஆண்டு. இதற்கு இணையாக, பழைய நூலைச் சோதனைக்கூடத்துக்கும் கொண்டுபோனார்கள். மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ, நான்காம் நூற்றாண்டு நூலொன்றில் அந்த மூலிகையைக் காய்ச்சச் சொல்லாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கண்டு, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபரில் 191-ஆவது மாதிரி பலன் தந்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குத் தருமுன் அவரும் தோழர்களும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தனர். 2015-இல் நோபல் பரிசு.

மூலிகை 'இயற்கை' என்பதாலேயே தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கும் சீன மருந்தே மறுப்பு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர் ஒத்த இரண்டு மூலிகைகளில் தவறானது கலந்துவிட்டது. அது அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்தின் நச்சு அமிலம் புற்றுநோயை விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியுள்ளது. நம் கரம்பு நிலங்களில் படரும் ஆடுதீண்டாப்பாளை அதே இனம். ஈசுவரமூலியும் அப்படியே. இரண்டும் நம் நாட்டு வைத்தியத்தில் புழங்குபவை. மூலிகையைக் கற்பது என்றால் இதையும் கற்பது.

சட்டத்தின் நிலை என்ன? ஒரு மருத்துவ முறையைக் கல்லாமல் அதில் மருத்துவம் பார்ப்பவர் போலி மருத்துவரே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறிவிட்டது. பரம்பரை வைத்தியர் என்பது மட்டும் தகுதியாகாது என்று 2018-இல் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி முறையாக ஏற்றது. மகாராஷ்டிரம் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. சித்த மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக 2022-இல் பேரவை நிறைவேற்றிய மசோதாவோ ஆளுநரின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. இந்த வெற்றிடத்தில்தான் வார இறுதி வகுப்புகள் வளர்கின்றன. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டுப் பிரசவத்தில் தாயும் சேயும் மாண்ட வழக்கில் அக்குபங்சர் செய்துவந்த ஒருவர் கைதானார். அத்தகைய செய்தி நம் மாவட்டத்திலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

தடை செய்யுங்கள் என்று நான் கோரவில்லை. தடை செய்தால் பலகை இறங்கும். தொழில் வீட்டுக்குள் போகும். பயிற்சி நேரத்தையும் பாடத்தையும் அரசு வரையறுக்கட்டும். நோயாளியின் முன்னால் வைத்து நடக்கும் செய்முறைத் தேர்வு இருக்கட்டும். நெஞ்சு வலி, மகப்பேறு, குழந்தையின் காய்ச்சல், இன்சுலினை நிறுத்தச் சொல்வது ஆகிய நான்கிலும் கைவைக்கக் கூடாது என்று எழுத்தில் இருக்கட்டும். திருமயம் பக்கத்தில் இன்னும் ஓரிருவராக எஞ்சியிருக்கும் மூத்த நாட்டு வைத்தியர்களுக்கும் ஒரு வழி வேண்டும். 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீனச் சட்டம், குருவிடம் பயின்றவர்கள் குறைந்தது இரண்டு மரபு மருத்துவர்களின் பரிந்துரையோடு மாகாண அரசின் செய்முறைத் தேர்வை எழுதித் தகுதி பெற அனுமதிக்கிறது. எந்த மூலிகை, எந்த நோய் என்ற எல்லைக்குள்தான் அந்த அனுமதி.

புதுக்கோட்டைக்கு 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இரத்தப் பரிசோதனைக் கூடமும் சிறுநீரக மருத்துவம் அறிந்தவர்களும் அருகிலேயே இருக்கும் இடத்தில், சித்த மருத்துவர்களையும் உடன் வைத்து அத்தகைய தேர்வொன்றை முதலில் இங்கேயே நடத்திப் பார்க்கலாம். கேள்வித்தாள்கூட அதிகம் வேண்டாம்: மேசைமேல் பத்துச் செடிகள், அவற்றுள் ஒன்று ஆடுதீண்டாப்பாளை, எதிரில் காய்ச்சலோடு இரண்டு பேர்.