மனு கொடுக்க ஆள் எங்கே?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மாவட்ட கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் அங்கே மக்கள் குறை தீர்க்கும் கூட்டம் நடக்கும். பட்டா இல்லை, பென்ஷன் வரவில்லை என்று செங்கம், போளூர் பக்கம் இருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். காரியம் முடிகிறதோ இல்லையோ, மனுவை வாங்க ஓர் ஆள் உண்டு.

அப்படி ஆளே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'பிளாக்செயின்'.

அது என்ன? யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எழுதும் பேரேடு. பேங்கின் பேரேடு பேங்கிடம் இருக்கும். இந்தப் பேரேட்டின் நகலோ, உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒன்றில் திருத்தினால் மற்றவை ஒத்துக்கொள்ளா. முதலாளி கிடையாது. 2009-ல் 'பிட்காயின்' என்ற காசு இப்படித்தான் பிறந்தது.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால், தப்பான முகவரிக்குப் பணம் போய்விட்டால்? ரகசியச் சொற்கள் மறந்துவிட்டால்? போய்ப் பார்க்க மானேஜர் இல்லை. போனது போனதுதான்.

அங்கே ஆட்சி யாருடையது?

2016 ஜூனில் ஒரு சோதனை வந்தது. 'எத்தீரியம்' என்ற பேரேட்டில், 'டி.ஏ.ஓ.' என்ற பொது நிதி இருந்தது. அதன் விதியில் இருந்த ஓட்டை வழியாக யாரோ சுமார் 36 லட்சம் 'ஈதர்' காசுகளைக் கறந்துவிட்டார்கள். "எழுதியது எழுதியதுதான், தொடாதே" என்றார்கள் ஒரு சாரார். "திருட்டை மீட்டுக் கொடு" என்றார்கள் மறு சாரார். ஓட்டெடுப்பு நடந்தது. தலைக்கு ஓர் ஓட்டு அல்ல. கையில் உள்ள காசுக்குத் தக்க ஓட்டு! ஓட்டுப் போட்ட காசும் மொத்தத்தில் சிறு பகுதிதான். ஜூலை 20-ந் தேதி கணக்கை மாற்றிப் பணத்தை மீட்டார்கள். சம்மதிக்காதவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்து எழுதினார்கள். இன்றும் இரண்டு பேரேடுகள் ஓடுகின்றன.

பெரிய தொகை போனது, கூட்டம் கூடியது. ஒரு குடும்பத்தின் 20 ஆயிரம் ரூபாய்க்கு எந்தக் கூட்டம் கூடும்?

இந்த இடைவெளியில்தான் எத்தன் நுழைகிறான். "உதவி மையத்தில் இருந்து பேசுகிறோம், உங்கள் 12 சொற்களைச் சொல்லுங்கள்" என்பான். அந்தச் சொற்கள்தான் பெட்டிச் சாவி. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலோர் இந்தக் காசைக் கம்பெனிகள் வழியாகவே வாங்குகிறார்கள். அங்கேயாவது கேள்வி கேட்க முடிய வேண்டும் அல்லவா? 2024 ஜூலையில் 'வசீர்எக்ஸ்' கம்பெனியில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் திருட்டுப் போயின. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் பங்கு போடப் பார்த்தது கம்பெனி. ஒரு பெண்மணி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். திருட்டுப் போனது தம்முடைய காசு அல்ல என்றார். 2025 அக்டோபரில் கோர்ட்டு, கிரிப்டோ காசும் ஒரு சொத்தே என்று சொல்லி, அவருக்குப் பாதுகாப்பு அளித்தது.

எல்லாராலும் ஐகோர்ட்டு ஏற முடியுமா? 2022 ஏப்ரல் முதல் இந்தக் காசின் லாபத்துக்கு 30 சதவிகித வரி விதித்திருக்கிறது மத்திய அரசு. வரி வாங்குகிறவர்கள் வழியும் செய்ய வேண்டும். காசு விற்கும் ஒவ்வொரு கம்பெனியும், பெயரும் விலாசமும் உள்ள ஒரு குறை தீர்க்கும் அதிகாரியை வைக்க வேண்டும். அவர் தமிழிலும் பதில் சொல்ல வேண்டும். குறித்த நாளுக்குள் பதில் தராத கம்பெனியை இங்கே கடை விரிக்க விடக்கூடாது.