பிழைத்தவர்களின் ரத்தம் மட்டும் சொன்ன கணக்கு



பழனியில் நடந்த நம் வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, எங்க தெருவுல நிறையப் பேரு ரொம்ப நாள் கொரோனா ஊசி போடல. ஊசி போடாதவங்க ரத்தத்துலயும் எதிர்ப்பு சக்தி இருந்துச்சுன்னு அரசாங்கமே சொல்லிருக்கு. அப்ப, நம்ம ஜனங்க உடம்பு எதையும் தாங்கும்னு பெரியவங்க சொன்னது சரிதானே?" சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். நேரமாகிவிட்டதால் அன்று பாதிப் பதிலோடு எழுந்துவிட்டோம். மீதிப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்காவது முறையாக நாடு முழுக்க ரத்த மாதிரி எடுத்தது. 21 மாநிலங்களில் 70 மாவட்டங்கள். ஒரு ஊசிகூடப் போடாதவர்களில் நூற்றுக்கு 62 பேரிடம் கொரோனாவுக்கான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பான், இருந்தது. ஒரு ஊசி போட்டவர்களில் 81 பேர். இரண்டும் போட்டவர்களில் ஏறத்தாழ 90 பேர். ஊசி போடாத அந்த 62 பேருக்கும் எதிர்ப்பான் வந்தது ஒரே வழியில்தான். வைரஸ் உள்ளே போனது, உடம்பு அதோடு மல்லுக்கட்டியது, முடிவில் எதிர்ப்பானை உண்டாக்கிக்கொண்டது. பலருக்கு இது காய்ச்சல்கூட இல்லாமல் நடந்து முடிந்திருக்கும்.

அந்த எதிர்ப்பான் பொய்யான ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. தொற்று வந்து ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் எதிர்ப்பான்கள் உருவாகின்றன. கூடவே வைரஸின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்களும் தங்கிவிடுகின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், ஏற்கனவே தொற்று வந்து மீண்டவர்களுக்கு டெல்டா காலத்தில் மறுதொற்றிலிருந்து நல்ல பாதுகாப்பு இருந்தது தெரிந்தது. தொற்று வந்து போனவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டால் போதும் என்று 2021 மே மாதத்தில் ஒன்றிய அரசே சொன்னது. அறிவியலை மறைத்து நாம் எந்த அரசியலும் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் "நம்ம உடம்பு தாங்கும்" என்பது வேறு பேச்சு. அந்த வைரஸுக்கான எதிர்ப்பான் யாருக்கும் பிறவியில் வந்ததில்லை. தொற்று வந்த உடம்பில் உருவானது, அவ்வளவுதான். யார் உடம்புக்குள் வைரஸ் முதலில் போனது, ஏன் போனது என்று கேட்டால்தான் சாதி வெளியே வரும்.

மும்பையில் 2020 ஜூலையில் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேரிடம் எதிர்ப்பான். அதே வார்டுகளில் மற்றக் குடியிருப்புகளில் 16 பேரிடம் மட்டும். குடிசையில் இருப்பவர்களின் உடம்பு உசத்தியானது என்றா இதற்குப் பொருள்? ஒரு கழிப்பறைக்குப் பல குடும்பங்கள், ஒரே அறையில் ஆறேழு பேர், வீட்டிலிருந்தபடியே செய்ய முடியாத வேலை. ஊரடங்கு என்பது கதவு இருக்கிற வீட்டுக்குத்தான் ஊரடங்கு.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குப்பையை அள்ளுகிற கைகள் யாருடையவை என்று. திண்டுக்கல் தோல் ஷாப்பில் நிற்பவர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், ஆஸ்பத்திரி வார்டு கூட்டுபவர், சுடுகாட்டில் பிணம் எரிப்பவர். இவர்களில் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கணினியில் வேலை பார்க்கவில்லை. இவர்களில் ஒருவர் ரத்தத்தில் எதிர்ப்பான் இருந்தது என்றால், தொற்றுக்கு முன்னால் பாதுகாப்பில்லாமல் நிறுத்தப்பட்டார் என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்றையும் யோசியுங்கள். ரத்த மாதிரியை உயிரோடு இருப்பவரிடம் மட்டும்தான் எடுக்க முடியும். வைரஸோடு மல்லுக்கட்டித் தோற்றவர்கள் அந்த 62 பேரிலும் இல்லை, மீதி 38 பேரிலும் இல்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கில் இருந்தது 5 லட்சத்துக்கும் குறைவு. ஒன்றிய அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. யார் கணக்கு சரியாக இருந்தாலும், "ஊசி இல்லாமலே தாங்கிட்டோம்" என்று சொல்கிற வாய், தாங்கிய வாய் மட்டும்தான்.

"உழைக்கிற உடம்பு தாங்கும்" என்ற பேச்சு நமக்குப் புகழ்ச்சி போலத் தெரியும். கையுறை இல்லாமல் சாக்கடையில் இறக்கியவர்களும் இதையேதான் சொன்னார்கள். "அவங்களுக்குப் பழக்கம், ஒண்ணும் ஆகாது." 2020 அக்டோபரில் சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுகாதார வசதி குறைந்த நாடுகளில் கொரோனா மரணம் குறைவாக இருப்பதாகப் புள்ளிவிவரம் காட்டுகிறது என்றார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு தெரிகிறது என்பது ஆய்வு, அழுக்கு காப்பாற்றும் என்பது பொதுப்புத்தி. செய்திகளில் பரவியது இரண்டாவதுதான். ஆறு மாதம் கழித்து இரண்டாம் அலையில் இதே நாட்டில் ஆக்சிஜனுக்கு வரிசை நின்றது.

அந்த எதிர்ப்பானும் நிலைத்து நிற்பதில்லை. தமிழ்நாடு அரசின் ஆய்வே சாட்சி. 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலத்தில் நூற்றுக்கு 31 பேரிடம் எதிர்ப்பான் இருந்தது. 2021 ஏப்ரலில் எடுத்தபோது ஏறத்தாழ 23 பேரிடம்தான் இருந்தது. ஊசி அப்போது பெரும்பாலோருக்கு எட்டவில்லை. முதல் அலையில் கிடைத்த எதிர்ப்பான் கரைந்துகொண்டிருந்தது. அடுத்த மாதமே, மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குத் தொற்று உறுதியானது. டெல்லியில் 2021 ஜனவரியிலேயே 56 சதவீதம் பேருக்கு எதிர்ப்பான் இருந்தது. ஏப்ரலில் அந்த நகரம் பட்ட பாட்டை நாம் பார்த்தோம்.

அப்படியானால் நம் ஆட்கள் ஊசியை ஏன் தள்ளிப்போட்டார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கூலி போகும். 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதுவரை உள்ளவர்கள் கோவின் தளத்தில் பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். செல்போனும் இணையமும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். அவர் மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று ஒன்றிய அரசின் குழு முடிவு சொன்னது அக்டோபரில். அதுவரை ஆறு மாதம் வாட்ஸ்அப்பில் வதந்திதான் பேசியது. பயந்தவரைக் குறை சொல்வதற்கு முன் அவருக்கு யார் போய் விளக்கினார்கள் என்று கேட்போம்.

பிறகு தலைகீழாக நடந்தது. 2021 நவம்பரில் பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி வந்தது. எட்டாத உயரத்தில் ஊசியை வைத்தவர்கள், எட்டாதவரை வாசலில் நிறுத்தினார்கள். வாசலில் நிறுத்தப்படுவது நமக்குப் புதிதா? 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாது என்றும், ஊசி போடாதவர்கள் மீது மட்டும் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் போதுமான ஆதாரத்தை அரசுகள் காட்டவில்லை என்றும் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு தடுப்பூசிக் கொள்கையைச் செல்லும் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள். முதல் பாதியை மட்டும் வெட்டி ஒட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நாட்டு மருந்துக்கு எதிராகவும் இதை எழுதவில்லை. போகர் பேரைச் சொல்கிற ஊர் இது. அயோத்திதாசப் பண்டிதரும் சித்த மருத்துவர்தான். கபசுரக் குடிநீரை நம் தெருக்களில் நாமும்தான் வாங்கிக் குடித்தோம். குடிநீர் எங்களுக்கு, ஊசியும் ஆக்சிஜன் படுக்கையும் உங்களுக்கு என்று பிரிக்கும்போதுதான் சண்டை.

1897இல் பூனாவில் பிளேக் பரவியபோது சாவித்திரிபாய் புலே, நோய் கண்ட ஒரு தலித் சிறுவனைத் தன் மகன் யஷ்வந்தின் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்கும் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். சேரிப் பிள்ளையின் உடம்பு தானாகத் தாங்கிக்கொள்ளும் என்று அவர் விட்டுவிடவில்லை.

மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த தொற்று வரும்போது "நம்ம உடம்பு தாங்கும்" என்று யார் சொன்னாலும், சொல்கிறவர் நம் தாத்தாவாகவே இருந்தாலும், உட்கார்ந்து பேசுங்கள். ஊசி போடுகிற நாளுக்குக் கூலியோடு விடுப்பு கேளுங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பெயர் முதல் பட்டியலிலேயே இருக்கிறதா என்று நகராட்சியில் போய்ப் பாருங்கள். அரசு வெளியிட்ட கணக்குகள் வயது, பாலினம், நகரம், கிராமம் என்று பிரித்துச் சொன்னன. சாதி அவற்றில் இல்லை. அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது அதையும் எழுதச் சொல்வோம். நம் தெருவில் இறந்தவர்களின் பட்டியலை மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் இப்போதே எடுக்கத் தொடங்குவோம்.

ஜெய் பீம்.