பார்ட்டி எப்போ?

காலையில் எழுந்ததும் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும் என்பார் என் பாட்டி. நானும் தவறாமல் பார்க்கிறேன். நடுவில் போன் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு காலை. பல்கூடத் தேய்க்கவில்லை. பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒருவன் எழுதியிருந்தான். 'அம்மாவின் 80 வருடப் பயணம்...' என்று கண்ணில் பட்டது. அது போதாதா? 'வாழ்த்துக்கள்! பார்ட்டி எப்போ?' என்று தட்டி, கூடவே கேக், பலூன் எல்லாம் போட்டுவிட்டு அடுத்த சமாசாரத்துக்குப் போய்விட்டேன்.

பத்து நிமிஷத்தில் இன்னொரு நண்பன் தனியாக அனுப்பினான்: 'லூஸாடா நீ? முழுசாப் படி!'

படித்தேன். '...நேற்றிரவு முடிந்தது' என்றிருந்தது.

கைகாலெல்லாம் உதறல். அவசரமாக அழிக்கப் போனால், நீல டிக். குரூப்பில் நீல டிக் விழுந்தால் எல்லோரும் படித்தாயிற்று என்று அர்த்தம். எல்லோருமே என்னைப் போல் பல் தேய்க்காதவர்கள் போலிருக்கிறது!

நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பேச்சிலராகக் கிடந்த காலத்தில், திங்கட்கிழமைதோறும் எனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பிய மகராசி அந்த அம்மா. அவருக்கு நான் அனுப்பிய அஞ்சலி, பலூன்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வாசலிலேயே நண்பன் நின்றிருந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா" என்றான். "ராத்திரியிலேர்ந்து இப்பத்தான் முதல் தடவையா சிரிச்சேன். அம்மா இருந்திருந்தா அவளும் சிரிச்சிருப்பா. பார்ட்டி 16-ம் நாள். மறக்காம வந்துடு."

அதற்கப்புறம்தான் அழுதான். நானும்.

திரும்பி வரும்போது யோசித்தேன். வாரப் பத்திரிகை என்றால் கடைசிப் பக்கம் வரும், மூடிவைத்து விடுவோம். போனுக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாத ஏற்பாட்டை 2006-ல் அசா ராஸ்கின் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டார். பல கை மாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று 2020-ல் வாட்ஸப்பே கடிவாளம் போட்டது. என் கட்டை விரலுக்கு யார் சார் கடிவாளம் போடுவது?

அதற்காகப் போனைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, படகு எங்கே, பால் பவுடர் எங்கே, எந்த மொட்டை மாடியில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தகவல் சொன்னது இதே ஃபேஸ்புக், ட்விட்டர், வாட்ஸப்தான். ஆனால் அன்றைக்குச் செய்தியைப் பார்த்தவர்கள் கட்டை விரலைக் காட்டிவிட்டு நகரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். வித்தியாசம் அதுதான்.

ஆகவே நானே எனக்கு மூன்று சட்டம் போட்டுக்கொண்டேன். ஒன்று, காபி குடிக்கும்வரை போனைத் தொடுவதில்லை. இரண்டு, மதியம் கால் மணி, ராத்திரி கால் மணி. அதோடு 'முற்றும்' போட்டுவிடுவது. மூன்று, நல்லது கெட்டது எதுவானாலும் பொம்மை போடாமல், நேரில் போவது. முடியாவிட்டால் கூப்பிட்டுப் பேசுவது.

மூன்றாவது சட்டத்தை உடனே அமல்படுத்தினேன். கோயமுத்தூர் நண்பனுக்குப் பிறந்த நாள். கூப்பிட்டேன்.

"என்னடா ஆச்சு? போன்லயே கூப்பிடறே?" என்றான் பதறி. பதிலுக்குக் காத்திராமல் குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு வேணும்?" என்றான்.

கடன் கேட்கவில்லை, வாழ்த்தத்தான் கூப்பிட்டேன் என்று நம்பவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம்.