ஷவரில் மழையா, தூறலா?

சகோதரிகளே, உங்கள் வீட்டு ஸ்நான அறையில் ஷவரைத் திறந்தால் மழை பெய்கிறதா, தூறல் போடுகிறதா? தூறல்தான் என்றால், பிளம்பருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

நாங்கள் குடியிருப்பது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில். என் மாமியாருக்குத் தோள்வலி. வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்ளக் கை எழாது. முக்காலியைப் போட்டு ஷவருக்கடியில் உட்கார்ந்துவிட்டால், யார் தயவும் இல்லாமல் குளித்துவிடுவார். ஒரு நாள் காலை, "ஏம்மா, இது ஷவரா, ஒழுகுகிற கூரையா? தலையில் சோப்பு அப்படியே நிற்கிறதே!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். மறுநாள் முதல் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு அதில் சிரமம் ஒன்றுமில்லை. அவருக்குத்தான் மனசு சுருங்கிப்போயிற்று.

குற்றவாளி யார்? கீழ் வீட்டில் அப்போதுதான் புது வாஷிங் மெஷின் வந்திருந்தது. தண்ணீரையெல்லாம் அதுதான் இழுத்துக்கொள்கிறது என்று தீர்மானித்துவிட்டோம். அந்த வீட்டு அம்மாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் எங்கள் புன்னகைகூடக் குறைந்தது. வந்து பார்த்த பிளம்பரோ, "பிரஷர் பம்ப் வைத்தால்தான் வழி" என்று பெரிய தொகையாகச் சொன்னார்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். தொட்டி பெரியதாயிருந்தால் தண்ணீர் வேகமாக வரும் என்பது தப்பு. தொட்டியின் உயரம்தான் கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் உண்டு. கடைசி மாடி ஷவருக்கு மேலே தொட்டி 2, 3 மீட்டர் உயரத்தில்தானே இருக்கிறது? அதில் கால் பங்கு கிடைத்தால் அதிகம். கீழ் வீட்டில் மழையும் மேல் வீட்டில் தூறலுமாக இருப்பது இதனால்தான். ஆனால் நேற்றுவரை நன்றாக வந்தது இன்று குறைந்தால்? தொட்டி ஒன்றும் இறங்கி வந்துவிடவில்லையே!

ஆகவே, வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு நானே துப்பறியக் கிளம்பினேன். அதே அறையின் அடிக்குழாயில் 10 லிட்டர் வாளி நிரம்ப மூன்று நிமிஷம் ஆயிற்று. அடிக்குழாய் வேகமாக வந்து ஷவர் மட்டும் மெலிந்தால் குற்றம் ஷவரில். இரண்டும் மெலிந்தால் குற்றம் அதற்கு முன்னால், வால்விலோ குழாயிலோ.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு இறங்கும் குழாய் வால்வின் கைப்பிடி சாய்வாக நின்றது. கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் நின்றால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தொட்டி கழுவ நாங்கள் அழைத்து வந்த ஆள்தான் பாதி திறந்ததோடு விட்டுப் போயிருக்கிறார்! நேராக்கியதும் வாளி ஒரே நிமிஷத்தில் நிரம்பிற்று.

ஷவர் மட்டும் முழுசாகத் தேறவில்லை. கழற்றிப் பார்த்தால் துளைகளில் வெள்ளை வெளேரென்று உப்புப் பொருக்கு. போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்ததுதான். வெந்நீரும் வினிகரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். வினிகர் இல்லையேல் எலுமிச்சைச் சாறு போதும். திரும்ப மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினால் ஒழுகாது.

உங்கள் வீட்டில் வேறு காரணமும் இருக்கலாம். வெந்நீர் மட்டும் மெலிந்தால் கீசரையும் அதற்குப் போகும் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். புட் புட்டென்று விட்டுவிட்டு வந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும். காலை வேளையில் மட்டும் குறைந்தால், ஒரே குழாயில் பல வீடுகள் தண்ணீர் எடுக்கின்றன என்று அர்த்தம். பழைய இரும்புக் குழாயானால் உள்ளே துரு வளர்ந்திருக்கும். அரை அங்குல வழி கால் அங்குலமானால் தண்ணீர் போகும் இடம் பாதியாவதில்லை. நாலில் ஒரு பங்காகிவிடுகிறது! அப்படிப்பட்ட குழாயில் பம்ப் வைத்தால் நைந்த மூட்டுகள் விட்டுப்போகலாம். பம்ப் கடைசி உபாயமாகவே இருக்கட்டும்.

அன்று மாலை கீழ் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "எங்கள் வீட்டு ஷவரும் இளைத்துத்தான் போயிருக்கிறது. அந்த வினிகர் வைத்தியத்தை எனக்கும் சொல்லுங்கள்" என்றார்.

மாமியார் மறுபடி தாமாகவே குளிக்கிறார். கதவைத் தட்டி, "போதும் அம்மா, தொட்டி காலியாகிவிடும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது!