அழகுத் தொட்டியா, ஆமையின் வீடா?

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இன்று அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியுள்ளது. பல வேளைகளில், நம் வீட்டிற்குள் புகுந்த ஆமைதான் உருப்படாமல் போகிறது.

பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள பைராம் தோட்டமாக இருந்தாலும் ஜோர்ஜ் டவுனின் அடுக்குமாடி வீடாக இருந்தாலும், நீர் ஆமைக் குட்டியைக் கண்டால் சிறுவர்களுக்கு ஆசை பிறக்கும். ஐம்பது சென் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை நிறக் குட்டி அது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பதால் அதனைச் செங்காது ஆமை என்பர். அதற்கெனச் சிறு கண்ணாடித் தொட்டி, வண்ணக் கூழாங்கற்கள், நெகிழியால் ஆன தென்னை மரம் ஆகியவற்றையும் வாங்கி வைத்துவிட்டால் அழகான வீடு அமைத்துவிட்டதாக மகிழ்கிறோம். அந்த அழகு நம் கண்ணுக்கு மட்டுமே உரியது. ஆமைக்கு ஏற்ற தொட்டியே உண்மையில் அழகான தொட்டி என்பது என் கருத்து.

முதலாவது, இடவசதி. குட்டியாக வரும் செங்காது ஆமை, வளர்ந்தபின் 25 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடும். நன்கு பேணினால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 15 லிட்டர் நீர் வேண்டும் என்பது வளர்ப்போர் பின்பற்றும் பொதுக் கணக்கு. அப்படியானால், 25 சென்டிமீட்டர் ஆமைக்கு ஏறத்தாழ 375 லிட்டர் நீர் தேவை. அந்நீரின் எடை மட்டுமே 375 கிலோகிராம் ஆகும். படிக்கும் மேசையில் இதனை வைக்க இயலுமா? "சிறிய தொட்டியில் வளர்த்தால் ஆமையும் சிறியதாகவே இருக்கும்" என்று சிலர் கூறுவர். அது தவறான நம்பிக்கை. நெருக்கடியான தொட்டியில் ஆமை நலிந்து நோயுறுமே தவிர, அதன் இயல்பு மாறாது.

இரண்டாவது, வெயில். நீர் ஆமை நாள் முழுவதும் நீரிலேயே கிடக்கும் உயிரினம் அன்று. அது கரையேறி, உடல் முழுவதும் உலரும்படி வெயில் காய வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் கிடைத்தால்தான் அதன் உடலில் வைட்டமின் டி உருவாகும். உண்ணும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் ஓட்டில் சேரும். இல்லையேல் ஓடு மென்மையாகி வளைந்துவிடும். சன்னல் கண்ணாடி இக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், சன்னலோரத்தில் தொட்டியை வைப்பது போதாது. வீட்டிற்குள் வளர்ப்போர், புற ஊதாக் கதிர் தரும் விளக்கைக் கரைக்கு மேலே பொருத்த வேண்டும். தோட்டப்புற வீடுகளில் இருப்போருக்கு இன்னும் எளிய வழி உண்டு. கொல்லையில் பாதி வெயிலும் பாதி நிழலும் படும்படி சிமெண்டுத் தொட்டி கட்டி, சுற்றிலும் வேலி அமைக்கலாம். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில் இயற்கையே விளக்காகிவிடும்.

மூன்றாவது, அலங்காரம். வாயில் கொள்ளும் அளவுள்ள கூழாங்கற்களையும் நெகிழி இலைகளையும் ஆமை கடித்து விழுங்கிவிடும். ஆகவே, அதன் தலையைவிடப் பெரிய ஆற்றுக் கற்களையே இட வேண்டும். வழுக்காத மரக்கட்டை ஒன்றைச் சாய்வாக வைத்தால் அது கரையேறும் படியாகும். கங்கோங் தண்டுகளை மிதக்கவிட்டால் நிழலும் கிடைக்கும், உணவும் கிடைக்கும். மீனைவிட ஆமை நீரை விரைவில் அழுக்காக்கும் என்பதால் ஆற்றல் மிக்க வடிகட்டியும் தேவை. ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். எனவே, தொட்டியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். இக்கிருமியின் பொருட்டே 1975ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஏறக்குறைய 10 சென்டிமீட்டருக்கும் குறைவான ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

இவ்வளவு செய்ய இயலாதவர் என்ன செய்கின்றனர்? ஆமை பெரிதானதும் ஆற்றிலோ வாய்க்காலிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி ஆலயத்தின் ஆமைக் குளத்தைக் கண்டவர்கள், அங்கே ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதை அறிவர். உயிருக்கு விடுதலை தருவது புண்ணியம் என்று கருதுவோரின் எண்ணம் நல்லதே. ஆயினும், நெரிசலில் விடுவது விடுதலையாகுமா? ஆற்றில் விடுவதோ அதைவிடக் கேடானது. செங்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. உணவுக்கும் வெயில் காயும் இடத்திற்கும் அது உள்நாட்டு ஆமைகளோடு போட்டியிடும். நம் ஆறுகளில் வாழும் துந்தோங் ஆமையோ ஏற்கெனவே அழிவின் விளிம்பில் உள்ளது. அதனைக் காக்கப் பேராக்கின் போத்தா கானானில் தனி மையமே இயங்குகிறது. ஒருபுறம் காப்பாற்றிக்கொண்டே மறுபுறம் அதற்குப் போட்டியை வளர்ப்பது முறையாகுமா?

ஆகவே, ஆமையை வாங்கும் முன்னரே தொட்டியை அமைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். இடமும் வெயிலும் பொறுமையும் இருந்தால் வளர்க்கலாம். இல்லையேல், பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே வளர்த்துவரும் ஆமையைப் பேண முடியாதபோது, விலங்கு மருத்துவரிடமோ வனவிலங்குத் துறையிடமோ ஆலோசனை கேட்கலாம். ஐம்புலன்களை அடக்குவதற்குத் திருவள்ளுவர் ஆமையையே உவமையாகக் காட்டினார். கடையில் அழகிய குட்டியைக் கண்டு கை பரபரக்கும் வேளையில், அந்த அடக்கம் முதலில் நமக்கே வேண்டும்.