பதினோரு மணி சமோசா!

செகண்ட் ஹவர் முடியறதுக்குள்ளயே வயிறு 'கடமுடா'ங்குதா? கேன்டீனுக்கு ஓடி ரெண்டு சமோசா, ஒரு டீ. மதியம் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புதா?

குற்றவாளி வயிறு மட்டுமில்லீங்க, ராத்திரி தூக்கமும்தான்! 2004-ல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், 12 இளைஞர்களை 2 இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். 10 மணி நேரம் படுத்ததோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் அதிகம். ஆசையும் ஸ்வீட், சிப்ஸ் பக்கம்தான் அதிகமாகப் பாய்ந்தது!

ஆக, விடிய விடிய செல்போன் நோண்டினால் மறுநாள் பர்ஸும் காலி. நேரத்தோட தூங்குங்க, காலை டிபனைக் கட் அடிக்காதீங்க. அப்படியும் பதினோரு மணிக்குப் பசிச்சா தாராளமா சாப்பிடுங்க, சுண்டலோ, கொய்யாவோ! ஆனா, அஞ்சு மணிக்கே எழுந்து அம்மா கட்டின சாப்பாட்டுக்கும் வயித்துல கொஞ்சம் இடம் வைங்க, ப்ளீஸ்!